ஒற்றைக் கையுறை

முப்பத்தெட்டு வருஷம் கழித்து
தங்கள் பதினேழு பாட்டுகளை
ஒரே தட்டில் அடுக்கி வெளியிட்டிருக்கிறது
ஒற்றைக் கையுறை.

இரண்டே பேர் இருக்கும் குழுவுக்கு
ஏன் இப்படி ஒரு பெயர் என்று
அன்றைக்கே கேட்டாய், சினிக்கா.
"இன்னொன்று தொலைந்திருக்கும்" என்றேன்.
சிரித்த சிரிப்பில்
நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது பள்ளிப் பேருந்து.

தட்டைப் போட
நமக்கு மிஞ்சியிருப்பது
உன் கிழட்டு வோல்வோவின் வாய் மட்டும்தான்.
ஊலு நகரம். பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
அங்காடியின் வாகன நிறுத்தத்தில்
எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்,
வங்கியைக் கொள்ளையடிக்க நேரம் பார்க்கும்
இரண்டு நடுவயதுக்காரிகள்போல.
மடியில் ஏலக்காய் ரொட்டி,
கறுப்பு உப்பு மிட்டாய்,
ஃபிளாஸ்கில் காபி,
என் கோட்டுப் பையில் சின்னதாய் ஒரு பாட்டில்
(உனக்கில்லை, நீ ஓட்ட வேண்டும்).

'பனிக்கலப்பை' தொடங்கியதுமே
உன் கட்டைவிரல் இரண்டும் ஸ்டியரிங்கில்.
'அக்காவின் ஸ்கூட்டர்' வந்ததும்
கண்ணாடி முழுக்க நம் மூச்சு.
மூன்றாவது, 'நீச்சல்குளத்து நீலம்'.
பாதியில் நிறுத்தினாய்.
"என்னவோ சரியில்லை, ஐலா."
எனக்கும்தான்.
பாட்டு அதேதான்.
ஆனால் வீட்டுக்குள் யாரோ
நாற்காலிகளை நகர்த்திப் போட்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இருந்தது ஒரு வாக்மேன்,
ஒரு ஜோடி இயர்போன்.
இடது எனக்கு, வலது உனக்கு.
கெம்பெலேயிலிருந்து பள்ளிவரை
நாற்பது நிமிஷம், மூன்று குளிர்காலம்.
அந்த இரண்டு பேரோ, சிக்கனமோ பிடிவாதமோ,
அவள் குரலை முழுக்க இடப்பக்கம் ஊற்றியிருந்தார்கள்,
அவன் கீபோர்டை முழுக்க வலப்பக்கம்.

நான் அவளோடு வளர்ந்தேன்,
நீ அவனோடு.
பள்ளி விழாவில் சேர்ந்து பாடும்போது
வார்த்தை வரவேண்டிய இடத்தில்
நீ "டூ டுடு டூ" என்றாய்.
வரி மறந்துவிட்டதென்று கேலி செய்தேன்.
நீ மறக்கவில்லை.
உனக்கு அது கிடைக்கவே இல்லை.

இப்போது யாரோ ஒரு பொறியாளர்
இருவரையும் நடுவில் நிறுத்தி
ஒரே சட்டைக்குள் பொத்தான் போட்டுவிட்டார்.

நீ டாஷ்போர்டைக் குடைகிறாய்.
பார்க்கிங் ரசீது, உடைந்த பனிச்சுரண்டி,
ஒற்றைக் கையுறை ஒன்று (நிஜமாகவே),
அடியில் அந்தக் கேசட்.
மேலே என் கோணல் எழுத்து.
வோல்வோவுக்கு இன்னொரு வாய் இருப்பதை
இருவருமே மறந்திருந்தோம்.

அது பாட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது:
ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்.
முதல் முறையாக
இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம்.

உன் கதவிலிருந்து அவள் பாடுகிறாள்.
கையில் ரொட்டி அப்படியே நிற்க,
"இவள் இத்தனை கோபமாகவா பாடினாள்?" என்கிறாய்.
"மன்னிப்புக் கேட்கிறாள்" என்கிறேன்.
"இல்லை, கவனி. கேட்பதுபோல் நடிக்கிறாள்."

என் கதவிலிருந்து
இத்தனை காலம் உன்னோடு இருந்தவன் வாசிக்கிறான்.
மன்னிப்பு வரும் இடத்தில்
சாவிகளிலிருந்து கையை எடுத்துவிடுகிறான்.
ஒரே ஒரு தாளம், வெறுமை.
அங்கே நான் எப்போதும்
அவள் மூச்சு வாங்குவதாக நினைத்திருந்தேன்.
"தெரியுமா உனக்கு, இந்த இடைவெளி?"
"தெரியுமாவா!
அங்கேதான் தினமும் பேருந்து
பாலத்தில் ஏறும்."

காவலாளி கண்ணாடியைத் தட்டுகிறான்.
இரண்டு மணி நேரத்துக்குத்தான் அனுமதியாம்.
மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டுகிறாய்.
ஒன்றை எடுத்துக்கொண்டு,
யார் பாட்டு இது, அம்மாவிடம் இருந்தது என்கிறான்.
நமக்கு அது கொஞ்சம் வலிக்கிறது.

தட்டின் கடைசியில்
யாரும் கேட்காமலே சேர்த்த
இரண்டு புதுப் பாட்டு இருக்கிறதாம்.
இருக்கட்டும்.
காபி ஆறிவிட்டது.
கேசட்டைத் திருப்பிப் போடு.